முன்கதை இல்லாத பேய்கள்

பல கதைகளைக் கோத்த திகில் ஆந்தாலஜி படங்களின் விமர்சனங்களை வரிசையாகப் படித்தால் ஒரே தீர்ப்பு திரும்பத் திரும்ப வரும்: இரண்டு கதை பிரமாதம், ஒன்று சுமார், மற்றவற்றை எடுக்காமலே இருந்திருக்கலாம். ரசிகர்களுக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டேதான் டிக்கெட் வாங்குகிறார்கள். ஜெர்மனியில் 1919இல் ரிச்சர்ட் ஆஸ்வால்ட் ஐந்து பேய்க்கதைகளைக் கோத்து 'ஈரி டேல்ஸ்' எடுத்தார். அன்றிலிருந்து, இப்போது ஏறக்குறைய ஆண்டுக்கொன்றாக ஓடிடியில் வரும் 'வி/எச்/எஸ்' படங்கள் வரை, நூறாண்டுக்கு மேலாக இந்த வடிவம் உயிரோடு இருக்கிறது. காதலுக்கும் நகைச்சுவைக்கும் தொகுப்புப் படங்கள் வந்ததுண்டு. திகிலுக்கு வாய்த்ததுபோல அறுபடாத ஒரு மரபு அவற்றுக்கு வாய்க்கவில்லை.

பாதி தேறாது என்று தெரிந்த ஒன்றை ஏன் இத்தனை பேர் விரும்புகிறார்கள்? கதை சின்னது, சலிக்காது என்பது வழக்கமான பதில். அது போதாது. குறும்படங்களும் சின்னவைதான், அவற்றைக் காசு கொடுத்து தியேட்டரில் பார்ப்பவர்கள் அரிது. ஈர்ப்பு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, தனிக் கதைகளைக் கோக்கும் சட்டகக் கதை. இரண்டு, பேயும் அது வந்ததற்கான காரணமும் எந்த வரிசையில் நம்மிடம் வந்து சேர்கின்றன என்பது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு முக்கியமான படங்களைப் பார்த்தால், எவை நிலைத்தன, எவை மறைந்தன என்பது விளங்கும். தமிழில் இந்த வகை ஏன் வேர்பிடிக்கவில்லை என்பதும் விளங்கும்.

சொல்பவரும் கேட்பவரும்

சினிமாவுக்கு முன்பே பேய்க்கதைகள் கூட்டமாகத்தான் வாழ்ந்தன. எடோ கால ஜப்பானில் 'ஹ்யாகு மொனொகதாரி' என்றொரு கூடுகை இருந்தது. நூறு விளக்குகளை ஏற்றிவைத்து ஆளுக்கொரு கதையாகச் சொல்வார்கள். ஒரு கதை முடிந்ததும் ஒரு விளக்கை அணைக்க வேண்டும். நூறாவதும் அணைந்தால் நிஜப் பேய் வந்துவிடும் என்பது நம்பிக்கை. அதனால் தொண்ணூற்றொன்பதோடு எழுந்துவிடுவதும் உண்டு. ஐரோப்பாவில் 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரை வீடொன்றில் பைரன், ஷெல்லி, மேரி, மருத்துவர் போலிடோரி ஆகியோர் மழைக்கு அடைபட்டுக் கிடந்தார்கள். ஜெர்மன் பேய்க்கதைகளின் பிரெஞ்சுத் தொகுப்பு ஒன்றைப் படித்தார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாமே என்றார் பைரன். 1818இல் வெளியான 'ஃபிராங்கன்ஸ்டைன்', அடுத்த ஆண்டு வந்த போலிடோரியின் 'தி வேம்பயர்' இரண்டுக்கும் விதை விழுந்தது அங்கேதான்.

நம் பக்கத்து மரபு இவற்றையெல்லாம்விடப் பழையது. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் தொகுத்த 'கதாசரித்சாகர'த்தில் வேதாளக் கதைகள் இருக்கின்றன. தமிழில் அவை விக்கிரமாதித்தன் கதைகளாகப் பரவின. பின்னர் 'அம்புலிமாமா' பல தலைமுறைக் குழந்தைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நள்ளிரவுச் சுடுகாடு, முருங்கை மரத்தில் தொங்கும் பிணம், அதற்குள் புகுந்த வேதாளம், அதைத் தோளில் சுமக்கும் அரசன். கதை முடிந்ததும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் வாய்திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும். வாய்திறந்தால் வேதாளம் மீண்டும் மரமேறிவிடும்.

இந்த மூன்றிலும் அபாயம் கதைக்குள் மட்டும் இல்லை. கதை சொல்லப்படும் இடத்திலும் இருக்கிறது. வேதாளம் சொல்லும் கதைகளில் பல காதலையும் நியாயத்தையும் பற்றியவை, பயமுறுத்துபவையே அல்ல. பயம் அவற்றைக் கேட்டுக்கொண்டு நடப்பவனின் தோளில் இருக்கிறது. திகில் தொகுப்புப் படம் இந்த ஏற்பாட்டைத்தான் சுவீகரித்துக்கொண்டது.

கேட்பவனை விழுங்கும் கதை

ஆஸ்வால்டின் படத்தில் பழைய புத்தகக் கடை ஒன்று வருகிறது. கடை மூடியதும் சுவரில் மாட்டிய படங்களிலிருந்து சாவும் சாத்தானும் விலைமகளும் இறங்கி வந்து கதைகளைப் படிக்கத் தொடங்குகிறார்கள். கான்ராட் ஃபைட் உள்ளிட்ட அதே மூன்று நடிகர்கள் ஒவ்வொரு கதையிலும் வேறு வேடத்தில் வருவதால், கதை மாறினாலும் ஆட்டத்தை நடத்துபவர்கள் மாறவில்லை என்ற உறுத்தல் கடைசிவரை இருக்கும். 1924இல் பால் லெனி எடுத்த 'வாக்ஸ்வொர்க்ஸ்' இன்னும் ஒரு படி முன்னே போனது. மெழுகுச் சிலைக் காட்சிக்கூடத்துக்கு விளம்பரக் கதை எழுத வருகிறான் ஓர் இளங்கவிஞன். பாக்தாத் கலீஃபா ஹாரூன் அல் ரஷீதைப் பற்றி எழுதுகிறான், ரஷ்ய ஜார் இவானைப் பற்றி எழுதுகிறான். மூன்றாவது சிலைக்கு வரும்போது தூங்கிப்போகிறான். அந்தக் கனவில் கொலைகாரன் ஜாக் சிலையிலிருந்து விடுபட்டு எழுதியவனையே துரத்துகிறான்.

இந்தத் தந்திரத்தை முழுமையாக்கிய படம் 1945இல் பிரிட்டனின் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த 'டெட் ஆஃப் நைட்'. கவல்கான்டி, சார்ல்ஸ் க்ரைட்டன், பாசில் டியர்டன், ராபர்ட் ஹேமர் என நான்கு இயக்குநர்கள். கட்டடக் கலைஞர் ஒருவர் கிராமத்து வீட்டுக்கு வருகிறார். அங்கிருக்கும் அத்தனை பேரையும் தன் கனவில் ஏற்கெனவே பார்த்திருப்பதாகச் சொல்கிறார். விருந்தினர்கள் ஆளுக்கொரு விநோத அனுபவத்தைச் சொல்கிறார்கள். அங்கிருக்கும் மனநல மருத்துவர் எல்லாவற்றுக்கும் அறிவியல் விளக்கம் தருகிறார். கடைசிக் கதையில் மைக்கேல் ரெட்கிரேவ் நடித்த குரல்வித்தைக்காரரை அவருடைய பொம்மையே ஆட்டிவைக்கிறது. அது முடிந்ததும் சட்டகம் உடைகிறது. எல்லாக் கதைகளின் ஆட்களும் ஒன்றாகக் கலந்து கட்டடக் கலைஞரைச் சூழ்கிறார்கள். அவர் விழித்துக்கொள்கிறார், தொலைபேசி மணி அடிக்கிறது, அதே கிராமத்து வீட்டுக்குக் கிளம்புகிறார்.

வட்டமாகச் சுழலும் இந்த அமைப்பு எதிர்பாராத ஒரு துறையில் போய் எதிரொலித்தது. ஃபிரெட் ஹாய்ல், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் ஆகிய மூன்று விஞ்ஞானிகள் இந்தப் படத்தைப் பார்த்தார்கள். பிரபஞ்சமும் இதைப்போல் தொடக்கமும் முடிவும் அற்றதாக இருந்தால் என்ன என்று கோல்ட் கேட்டதிலிருந்துதான் 1948இல் அவர்கள் முன்வைத்த 'ஸ்டெடி ஸ்டேட்' கோட்பாடு வளர்ந்தது. அந்தக் கோட்பாடு பின்னாளில் அண்டவெளிப் பின்னணிக் கதிர்வீச்சின் முன் நிற்க முடியாமல் போனது. படம் நிற்கிறது.

ஆசியாவில் இதே வேலையை இரண்டு படங்கள் அமைதியாகச் செய்தன. மசாகி கொபயாஷியின் 'க்வைடான்' (1964), ஜப்பானில் குடியேறிய லஃப்காடியோ ஹெர்ன் திரட்டி எழுதிய நான்கு கதைகளைச் சொல்கிறது. பெரிய விமானக் கொட்டகை ஒன்றில் செட் போட்டு, வானத்தைத் திரைச்சீலைகளில் தீட்டி, டோரு டகெமிட்சுவின் இசையோடு எடுக்கப்பட்ட மூன்று மணி நேரப் படம். அதன் கடைசிக் கதையில், தேநீர்க் கோப்பைக்குள் ஓர் அந்நியனின் முகத்தைக் காணும் சாமுராயைப் பற்றி ஓர் எழுத்தாளர் எழுதிக்கொண்டிருக்கிறார். கதை பாதியில் நிற்கிறது. தேடி வரும் பதிப்பாளர் எழுத்தாளரைக் கண்டுபிடிப்பது வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள். சத்யஜித் ராயின் 'தீன் கன்யா' (1961) முழுக்கத் திகில் தொகுப்பு அல்ல. தாகூரின் மூன்று கதைகளில் நடுவில் வரும் 'மணிஹாரா' மட்டுமே பேய்க்கதை. பாழடைந்த மாளிகைக்கு அருகில், படித்துறையில், பள்ளி ஆசிரியர் ஒருவர் நகைப்பித்துப் பிடித்த மனைவியின் கதையைப் போர்வை போர்த்திய ஒருவரிடம் சொல்கிறார். கதை முடிந்ததும் கேட்டவர், அந்தக் கணவன் நான்தான் என்று சொல்லி மறைந்துபோகிறார்.

எழுதியவன் துரத்தப்படுகிறான், கேட்டவர் பேயாகிறார், கனவு கண்டவர் கனவுக்கே திரும்புகிறார். இவர்கள் எல்லாருக்கும் நம்மோடு ஒரு பொருத்தம் உண்டு: கதை கேட்க உட்கார்ந்தவர்கள். ஒரே கதையுள்ள பேய்ப்படத்தில் ஆபத்து நாயகிக்கு, நாம் பார்வையாளர்கள். தொகுப்புப் படத்தில் கதைக்கும் நமக்கும் இடையே இன்னொரு கேட்பவரை உட்காரவைத்து, கடைசியில் அவரைத் தூக்கிவிடுகிறார்கள். அவர் இருந்த இடத்தில் இப்போது இருப்பது நாம்தான்.

கணக்குத் தீர்க்கும் பேய்கள்

இன்னொரு கிளை மளிகைக்கடைக் கணக்குபோல நேரடியானது: வாங்கிய கடனைத் திருப்பித் தந்தாக வேண்டும். 1950இல் அமெரிக்காவில் வில்லியம் கெய்ன்ஸின் இ.சி. நிறுவனம் 'டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்' முதலான திகில் காமிக்ஸ் இதழ்களைத் தொடங்கியது. ஒவ்வொரு கதையும் சில பக்கங்கள். பேராசைக்காரன், கொலைகாரன், கொடுமைக்காரன் ஒருவன் தப்பு செய்வான். செத்தவர் எழுந்து வந்து அதே பாணியில் திருப்பித் தருவார். நடுவே 'க்ரிப்ட் கீப்பர்' என்ற கிழவன் குரூரமாக ஜோக் அடிப்பான். சிறுவர்களைக் கெடுக்கிறது என்று 1954இல் செனட் துணைக்குழு விசாரணை நடந்தது; அதைத் தொடர்ந்து வந்த தணிக்கை விதிகளால் இதழ்கள் நின்றன. படித்து வளர்ந்த பிள்ளைகள் மறக்கவில்லை.

'டெட் ஆஃப் நைட்' மீது பெரும் மதிப்பு வைத்திருந்த மில்டன் சுபாட்ஸ்கி என்ற அமெரிக்கர், மாக்ஸ் ரோசன்பர்கோடு சேர்ந்து இங்கிலாந்தில் நடத்திய அமிகஸ் நிறுவனம் 1965 முதல் 1974 வரை ஏழு திகில் தொகுப்புகளை எடுத்தது. முதலாவது 'டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்'. ரயில் பெட்டியில் ஐந்து பயணிகளுக்கு டாரட் சீட்டில் எதிர்காலம் சொல்கிறார் பீட்டர் குஷிங். வண்டி நிற்கும்போது அவர்கள் ஏற்கெனவே செத்துவிட்டது தெரிகிறது. 1972இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்' இந்த வரிசையின் உச்சம். கிறிஸ்துமஸ் இரவில் கணவனைக் கொல்கிறாள் ஜோன் காலின்ஸ். வெளியே சாண்டா வேடத்தில் ஒரு பைத்தியக்காரக் கொலைகாரன் நிற்கிறான். கொலையை மறைக்க வேண்டியிருப்பதால் அவளால் போலீஸைக் கூப்பிட முடியவில்லை. கடைசியில் கதவைத் திறந்து சாண்டாவை உள்ளே அழைத்துவருவது அவளுடைய சின்ன மகள். அதே படத்தில், அக்கம்பக்கத்தவரின் கொடுமையால் தற்கொலை செய்துகொள்ளும் முதியவராகக் குஷிங் நடித்தார். 1971இல் மனைவியை இழந்திருந்தார் அவர். செத்துப்போன மனைவியின் படத்தோடு பேசும் அந்தக் காட்சிகளில் நடிப்புக்கும் துக்கத்துக்கும் இடையே கோடு தெரியாது.

ஜார்ஜ் ரொமேரோவும் ஸ்டீபன் கிங்கும் சேர்ந்து எடுத்த 'க்ரீப்ஷோ' (1982) இ.சி. இதழ்களுக்கு எழுதிய காதல் கடிதம். காமிக்ஸ் கட்டங்களும் அடர்ந்த சிவப்பும் நீலமும் திரையில் அப்படியே வருகின்றன. சுத்தத்தில் பித்துக்கொண்ட பணக்காரனின் வெள்ளை வெளேர் வீட்டில் கரப்பான்பூச்சிகள் பெருகுகின்றன. ரஸ்டி கண்டீஃப் இயக்கிய 'டேல்ஸ் ஃப்ரம் தி ஹுட்' (1995) இதே சூத்திரத்தைக் கருப்பினத்தவரின் தெருவுக்குக் கொண்டுவந்தது. கருப்பினத்தவரான ராட்னி கிங்கை அடித்த போலீஸார் விடுதலையாகி லாஸ் ஏஞ்சலஸ் எரிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. கருப்பினத் தலைவர் ஒருவரைக் கொன்ற போலீஸார், ஒரு தாயையும் பிள்ளையையும் அடிப்பவன், அடிமைகளின் ஆன்மா குடியிருக்கும் பொம்மைகளைக் கிண்டல் செய்யும் இனவெறி அரசியல்வாதி. நீதிமன்றம் தராத தீர்ப்பைப் பேய்கள் எழுதின.

இந்தக் கிளையின் ஈர்ப்பு பயம் மட்டுமில்லை என்பது தெளிவு. குற்றம் நம் கண்முன்னே நடக்கிறது, தண்டனை கால்மணி நேரத்தில் வருகிறது, மேல்முறையீடு கிடையாது. பார்க்கிறவருக்குப் பயமும் திருப்தியும் ஒரே கவளத்தில் கிடைக்கின்றன. ஆனால் அமிகஸும் பழைய தந்திரத்தைக் கைவிடவில்லை. 'டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்' முடியும்போது க்ரிப்ட் கீப்பராக வரும் ரால்ஃப் ரிச்சர்ட்சன் கேமராவைப் பார்த்து, அடுத்தது ஒருவேளை நீங்களோ என்கிறார்.

இருபது நிமிடத்தின் பலம்

ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடியதாக இருந்தால்தான் கதை ஒரே உணர்வை முழுதாக உண்டாக்கும் என்று எட்கர் ஆலன் போ 1842இலேயே எழுதினார். ஹாதார்னின் கதைகளை மதிப்பிடும்போது சொன்னது இது. திகிலுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பயம் விளக்கத்துக்கு முந்தைய உணர்வு. கதவு தானாகத் திறந்த நொடியில் பயம்; காற்று என்று தெரிந்ததும் போய்விடும், பேய் என்று தெரிந்தாலும் அது பயம் என்ற நிலையைத் தாண்டிப் போர் என்ற நிலைக்குப் போய்விடும். முழுநீளப் படம் இந்த நொடியை இரண்டு மணி நேரம் நீட்டியாக வேண்டும். அதனால் ஆராய்ச்சி, நூலகம், பழைய செய்தித்தாள், மாந்திரீகர் என்று விளக்கத்துக்குள் போகிறது. அந்த விளக்கத்தில் ரசிகருக்கு இன்பம் உண்டு. அறியமுடியாத ஜந்துவை அறியும் ஆர்வமே திகில் கதைகளின் இன்பம் என்று தத்துவ ஆசிரியர் நோயல் கேரல் 1990இல் எழுதிய நூலில் வாதிட்டார். முழுநீளப் படங்களுக்கு அவர் சொல்வது சரி. தொகுப்புப் படம் அந்த ஆர்வத்தைத் தூண்டிவிட்டு, தீர்க்காமலே அடுத்த கதைக்குப் போய்விடுகிறது.

இன்னொரு காரணம், யாரும் பாதுகாப்பாக இல்லை. முழுநீளப் படத்தில் நட்சத்திரம் க்ளைமாக்ஸ் வரை உயிரோடிருப்பார் என்று நமக்குத் தெரியும். இங்கே பெரிய நடிகரும் பதினைந்தாம் நிமிடத்தில் போய்விடலாம். அமிகஸ் நட்சத்திரங்களைச் சில நாள் கால்ஷீட்டுக்கு மட்டும் அமர்த்தியது. செலவுச் சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு கதைக்கும் பலமானது.

மூன்றாவது காரணம் உடலைச் சேர்ந்தது. பயத்தால் எழுந்த படபடப்பு, பயம் நீங்கிய பிறகும் உடலில் தங்கி அடுத்து வரும் உணர்வைக் கூட்டிக்காட்டும் என்று உளவியலாளர் டோல்ஃப் ஸில்மன் ஆராய்ந்து சொன்னார். இதைத் தொகுப்புப் படத்துக்குப் பொருத்தினால், ஒரு கதையின் மிச்சப் படபடப்போடுதான் நாம் அடுத்த கதைக்குள் நுழைகிறோம். அதனால்தான் மூன்றாவது, நான்காவது கதைகளின் அமைதியான தொடக்கக் காட்சிகூட அடிவயிற்றைப் பிசைகிறது.

கடைசியாக, வகை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவனாகிய ஆள்பவர். ஒரே கதையால் இந்த நான்கையும் தாங்க முடியாது. 'க்ரீப்ஷோ'வில் கரப்பான்பூச்சியும் கல்லறைப் பிணமும் ஒரே படத்தில் இருக்கலாம். 'டேல்ஸ் ஃப்ரம் தி ஹுட்'டில் போலீஸும் அரசியல்வாதியும் நான்காவது நிலைக்களனை நிரப்புகிறார்கள். ஒருவருக்குப் பூச்சி என்றால் பயம், இன்னொருவருக்கு அதிகாரம் என்றால் பயம். எந்தக் கதை சிறந்தது என்று படம் முடிந்த பிறகு நடக்கும் சண்டையும் இந்த வகையின் இன்பத்தில் ஒரு பகுதி. அவரவர் பயத்தைத்தான் அவரவர் முதலிடத்தில் வைக்கிறார்கள்.

வெட்டிப் பார்த்தவர்கள்

அப்படியானால் சுமாரான கதைகளை எடுத்துவிட்டால் படம் இன்னும் நன்றாக இருக்குமா? விநியோகஸ்தர்கள் பலமுறை இதைச் செய்து பார்த்தார்கள். 'டெட் ஆஃப் நைட்' அமெரிக்காவுக்குப் போனபோது கோல்ஃப் கதையையும் கிறிஸ்துமஸ் விருந்துக் கதையையும் வெட்டிவிட்டார்கள். கோல்ஃப் கதை எச்.ஜி. வெல்ஸ் எழுதிய வேடிக்கைக் கதையிலிருந்து வந்தது. தனியாகப் பார்த்தால் படத்திலேயே பலவீனமானது. ஆனால் வெட்டிய படத்தில், கடைசிக் கனவுக் குழப்பத்தில் நாம் பார்க்காத கதைகளின் ஆட்கள் வந்தார்கள். சட்டகம் முறிந்தது. போதாக்குறைக்கு, சிரிக்கவைத்த கோல்ஃப் கதை இல்லாமல் குரல்வித்தைக்காரரின் கதை பாதிப் பலத்தை இழந்தது. நாம் அசந்திருந்தால்தானே பொம்மையால் திடுக்கிடவைக்க முடியும்?

மற்றவற்றுக்கும் இதே கதிதான். 'க்வைடான்' அமெரிக்காவில் பனிப்பெண் கதை இல்லாமல் ஓடியது. 'தீன் கன்யா' வெளிநாடுகளில் 'மணிஹாரா' நீக்கப்பட்டு 'டூ டாட்டர்ஸ்' ஆனது. மரியோ பாவாவின் இத்தாலியப் படமான 'பிளாக் சாபத்' (1963) அமெரிக்கப் பதிப்பில் கதை வரிசை மாறியது, முதல் கதையின் கருவே திருத்தி எழுதப்பட்டது. அதன் இத்தாலிய மூலம் போரிஸ் கார்லாஃப் குதிரையில் பாய்ந்து வரும் காட்சியோடு முடியும். கேமரா பின்னால் நகரும்போது அது பொம்மைக் குதிரை என்பதும், உதவியாளர்கள் மரக்கிளைகளைத் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றி ஓடுவதும் தெரியும். பயமுறுத்திய எல்லாவற்றையும் ஒரே சிரிப்பில் கலைக்கும் இந்த முடிவை அமெரிக்க ரசிகர்கள் பார்க்கவில்லை. சரக்கு ரயிலில் பெட்டியைக் கழற்றுவதுபோல இந்தக் கதைகளைக் கழற்றிவிடலாம் என்று நினைத்தவர்கள், வரிசையும் கதைதான் என்பதை உணரவில்லை.

எதிர்த்திசையிலும் சோதனை நடந்தது. 'தி ஏபிசிஸ் ஆஃப் டெத்' (2012) ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு கதை என்று 26 கதைகளுக்கு ஆளாளுக்குச் சில நிமிடங்களைக் கொடுத்தது. சட்டகம் என்று எதுவுமில்லை. அதிர்ச்சிகள் ஏராளம், பயம் குறைவு. பழக்கமான ஓர் இடம் அந்நியமாகத் தோன்றத் தொடங்கினால்தான் பயம் பிறக்கும், பழகுவதற்கே சில நிமிடங்கள் வேண்டும். அதே ஆண்டு வந்த 'வி/எச்/எஸ்', வீடு புகுந்து ஒரு வீடியோ டேப்பைத் திருட வந்த கும்பல் அங்கே கிடக்கும் டேப்புகளைப் பார்ப்பதாகச் சட்டகம் போட்டது. கதைகள் ஏற்ற இறக்கமானவைதான். ஆனால் பார்க்கக்கூடாததைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வு அந்தச் சட்டகத்தில் இருந்தது. தொடர்ச்சியாகப் பல பாகங்கள் வந்ததற்கு அதுவும் காரணம்.

பல ஊர்ப் பேய்கள்

தொகுப்பு வடிவத்துக்கு வணிக நியாயமும் உண்டு. 2002இல் வந்த 'த்ரீ' படத்துக்குத் தென்கொரியாவின் கிம் ஜீ-வூன், தாய்லாந்தின் நோன்ஸி நிமிபுத்ர், ஹாங்காங்கின் பீட்டர் சான் ஆளுக்கொரு கதை எடுத்தார்கள். ஒரே படத்துக்கு மூன்று நாட்டுச் சந்தை. இரண்டாண்டில் வந்த 'த்ரீ எக்ஸ்ட்ரீம்ஸ்' படத்தில் ஃப்ரூட் சான், பார்க் சான்-வூக், தகாஷி மீகே இணைந்தார்கள். இளமை திரும்ப வேண்டி விபரீதமான கொழுக்கட்டையைத் தின்னும் பெண்ணைப் பற்றிய ஃப்ரூட் சானின் கதையில் பேயே இல்லை. பிலிப்பைன்ஸில் 1984இல் தொடங்கிய 'ஷேக், ராட்டில் அண்ட் ரோல்' வரிசை குளிர்சாதனப் பெட்டியில் குடிகொண்ட தீய சக்தியிலிருந்து ஊர்ப்புற மனனங்கல் பேய் வரை எல்லாவற்றையும் காட்டி, நாற்பதாண்டுகளாகப் பண்டிகைக் காலப் படமாக நிலைத்துவிட்டது. தாய்லாந்தின் '4பியா' (2008) இளம் இயக்குநர்களின் களமானது. அமெரிக்காவில் 1959இல் தொடங்கிய 'தி ட்விலைட் ஸோன்' தொலைக்காட்சித் தொடர், அரைமணிக் கதை என்ற அளவையே மக்களுக்குப் பழக்கியது.

தமிழில் ஏன் வேர்பிடிக்கவில்லை?

இந்தியில் ராம்கோபால் வர்மா தயாரித்து பிரவால் ராமன் இயக்கிய 'டர்னா மனா ஹை' (2003) இந்த வடிவத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட படம். காட்டுவழியில் கார் நின்றுபோன நண்பர்கள் கதை சொல்கிறார்கள், ஒவ்வொருவராகப் பலியாகிறார்கள். ஆறு கதைகளில் ஒன்றில் ராஜ்பால் யாதவ் அடிமாட்டு விலைக்கு ஆப்பிள் விற்கிறார், தின்றவர்கள் ஆப்பிளாகிவிடுகிறார்கள். ஏன் என்று படம் சொல்வதே இல்லை. 2020இல் ஜோயா அக்தர், அனுராக் காஷ்யப், திபாகர் பானர்ஜி, கரண் ஜோஹர் நெட்ஃபிளிக்ஸுக்கு எடுத்த 'கோஸ்ட் ஸ்டோரீஸ்' படத்துக்குச் சட்டகம் இல்லை. நான்கு குறும்படங்கள் அடுத்தடுத்து நின்றன.

தமிழுக்கு ஆந்தாலஜி புதிதல்ல. 'சில்லுக் கருப்பட்டி', 'பாவக் கதைகள்' போன்றவற்றை ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பேய்ப்படங்களுக்கோ பஞ்சமே இல்லை. இரண்டும் சேரும் இடம்தான் வெறுமையாக இருக்கிறது. ஆறு இயக்குநர்களின் அமானுஷ்யக் கதைகளோடு 2018இல் வந்த '6 அத்தியாயம்' போன்ற முயற்சிகள் ஒன்றிரண்டு உண்டு. ஒன்பது சுவைக்கு ஒன்பது கதை வைத்த 'நவரசா'வில் (2021) பயத்துக்கு 'இன்மை' என்ற ஒரு கதை கிடைத்தது. ஒரு மரபு உருவாகவில்லை.

காரணம், பேயும் முன்கதையும் வந்து சேரும் வரிசையில் இருக்கிறது. அமிகஸ் படங்களில் காரணம் முதலில், பேய் பின்னால். 'க்வைடா'னின் தேநீர்க் கோப்பையில் பேய் மட்டும், காரணம் இல்லை. தமிழ்ப் பேய்ப்படத்தில் பேய் முதலில், காரணம் இடைவேளைக்குப் பின்னால். 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) வரிசைகளை நினைத்துப் பாருங்கள். முதல் பாதியில் பயமும் சிரிப்பும், பிறகு முன்கதை, அதில் ஓர் அநியாயக் கொலை. அந்த நொடியிலிருந்து பேய் மேல் நமக்குப் பயம் போய்ப் பரிவு வருகிறது. வில்லன் சாக வேண்டும் என்று பேயோடு சேர்ந்து நாமும் வேண்டுகிறோம்.

இதைத் திரைக்கதை வறட்சி என்று தள்ளிவிட முடியாது. அநியாயமாகக் கொல்லப்பட்டவர் தெய்வமாவது நம் நாட்டார் மரபின் அடித்தளம். தென்மாவட்டங்களில் இசக்கிக்கும் நீலிக்கும் கொடை விழாவில் வில்லுப்பாட்டு பாடும்போது பாடப்படுவது அவர்கள் செத்த கதைதான். கதை சாவை நெருங்கும்போது சாமி வந்து இறங்கும். அந்த மரபில் முன்கதையைச் சொல்வதே சாந்தி. செத்தவளின் கதையைக் கேட்டுவிட்டால் அவள் நம் பக்கம். தமிழ்ப் பேய்ப்பட ரசிகர் இடைவேளைக்குப் பிறகு எதிர்பார்ப்பது இந்தச் சாந்தியைத்தான். திகில் தொகுப்பு அதை மறுக்கும் வடிவம். இருபது நிமிடத்தில் முன்கதைக்கு இடமில்லை. இடம் கொடுத்தால் பயத்துக்கு இடமில்லை.

ஆனால் தமிழ் வாசகருக்கு மற்ற வழியும் பழக்கமானதுதான். புதுமைப்பித்தன் 1940களில் எழுதிய 'காஞ்சனை' சிறுகதையில் எழுத்தாளன் வீட்டுக்கு வேலைக்கு வந்த பிச்சைக்காரி யார், அந்த வாடை எங்கிருந்து வந்தது, எல்லாம் அவன் மனப்பிரமையா என்பதற்கு உறுதியான விடை கிடையாது. அதைப் படித்தவர் யாரும் முன்கதை கேட்டுக் குறைப்பட்டதாகத் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சிறுகதைத் தொகுப்புகளில் அது இடம்பெற்றுவருகிறது. வேதாளமும் பதில் சொன்னதில்லை, கேள்விதான் கேட்டது. அச்சில் ஒன்றாகவும் வாய்வழியில் ஒன்றாகவும் இருக்கும் இந்தச் சொத்துகள் திரைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பெரிய பட்ஜெட்டும் கிராஃபிக்ஸும் இதற்குத் தேவையில்லை. கதைகளைக் கோக்கும் உறுதியான ஒரு சட்டகம், நாலைந்து நடிகர்களின் சில நாள் கால்ஷீட், பயத்தைப் பரிவாக மாற்றாமல் நிறுத்தத் தெரிந்த இயக்குநர்கள் போதும். கதை சொல்லப் போகும் இடத்தில் எழப்போகும் முதல் கேள்வி என்னவென்று ஊகிப்பதும் கடினமில்லை: இந்தப் பேய் யாரு, எதுக்கு வந்துச்சு? தெரியாது என்ற பதிலை ஏற்றுக்கொண்டு பணம் போடும் தயாரிப்பாளர் ஒருவர் கிடைத்துவிட்டால் தமிழிலும் இந்த மரபு தொடங்கிவிடும்.